பிடிமண்

என் அகத்துக்காரர் ஜகந்நாதனுக்கு நாற்பது வயதுக்கு மேல் காடு பிடித்தது. பம்பாய் மாட்டுங்காவில் மற்ற ஆண்களுக்குச் சீட்டாட்டம் பிடிக்கும், கச்சேரி பிடிக்கும். எதிர் பிளாக் திருவேங்கடத்துக்கு ஹோமியோபதி பிடித்து, அக்கம்பக்கத்துக் குழந்தைகள் எல்லாம் சர்க்கரை உருண்டை தின்றே வளர்ந்தன. இவருக்குக் காடு. ரயில்வே கணக்கு ஆபீஸில் காலையிலிருந்து சாயங்காலம் வரை கூட்டிக் கழித்துவிட்டு வருகிற மனிதருக்கு எங்கிருந்து இந்தக் கிறுக்கு வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. செம்பூர் தாண்டி தேவ்நாருக்குப் பின்னால் இருக்கிற குன்றில் ஒரு காலத்தில் பகலில்கூட வெயில் விழாத காடு இருந்தது, சிறுத்தை இருந்தது என்று ஏதோ பழைய இங்கிலீஷ் புத்தகத்தில் படித்தாராம். யுத்த காலத்தில் கரிக்கும் விறகுக்குமாக வெட்டி மொட்டையடித்துவிட்டார்களாம். இவ்வளவு மழை கொட்டுகிற ஊரில் மழைக்காடு இல்லாமல் போவதாவது, திரும்ப வளர்த்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

நான் பாகீரதி. இந்த மனிதரைக் கட்டிக்கொண்டு பாலக்காட்டிலிருந்து பம்பாய்க்கு வந்தவள். காட்டின் மேல் எனக்கு ஒரு விரோதமும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எழுந்து ஒரு படைக்கு இட்லி வார்க்கச் சொன்னால்தான் ரத்தம் கொதிக்கும். வார்த்துக் கொடுத்துவிட்டுத் திட்டுவேன். அதுதான் எங்கள் தாம்பத்தியம்.

வன மகோத்சவம் என்று சர்க்கார் வருஷா வருஷம் ஜூலை மாதத்தில் ஒன்று கொண்டாடும். மந்திரி ஒரு கன்று நடுவார், போட்டோ எடுப்பார்கள், மறுநாள் அதை ஆடு தின்றுவிடும். இவர் அப்படியெல்லாம் விளையாட்டுக்குச் செய்கிறவர் இல்லை. மரம் நடும் சங்கம் என்று ஆரம்பித்து, காட்டிலாகாவுக்கு நடையாய் நடந்து, அந்தக் குன்றின் மேற்குச் சரிவைச் சங்கத்தின் பொறுப்பில் வாங்கிவிட்டார். நாலு மழைக்காலம் சங்கம் அங்கே மரம் நடலாம். அதற்குப் பிறகு அதிகாரி வந்து பார்ப்பார். சங்கம் நட்ட மரம் நின்றால் சரிவு காடாகவே இருக்கும். இல்லையென்றால் கல் உடைக்கிற கான்ட்ராக்டருக்குப் போய்விடும். பக்கத்துச் சரிவை அந்தக் கான்ட்ராக்டர் ஏற்கெனவே பாதி தின்று முடித்திருந்தான். அங்கே வெடி வைக்கிற சத்தம் கேட்டால் இவருக்கு இட்லி இறங்காது.

சரிவைக் காப்பாற்ற வேண்டும் என்கிற தவிப்பு நிஜம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது ஜகந்நாதன் நட்ட காடு என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்கிற ஆசையும் கூடவே இருந்தது. ஆபீஸில் இவர் போட்ட கணக்குக்கெல்லாம் மேலே இருக்கிறவன்தான் கையெழுத்துப் போடுவான். இது ஒன்றாவது தன் பேரில் நிற்கட்டும் என்று நினைத்தார். கட்டிக்கொண்டவளுக்கு இதுகூடவா தெரியாது?

மாட்டுங்கா ஆண்களை நம்பிக் குழி வெட்ட முடியாது. அவர்கள் மண்வெட்டியைப் பேனா பிடிக்கிற மாதிரி பிடிப்பார்கள். அதனால் தாராவியிலிருந்து ஆள் வந்தது. ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தவன் வானமாமலை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், தாராவியில் கடலை மிட்டாய்ப் பட்டறை வைத்திருந்தான். பெரிய அடுப்பில் வெல்லப் பாகு காய்ச்சி, தட்டி, துண்டு போட்டு, லோக்கல் ரயிலில் விற்க அனுப்புவான். ஒரு கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்காமல் இவரிடம் வந்து நின்றான்; இவர் ரிசர்வேஷன் வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து சார் சொன்னால் அவனுக்கு மறுபேச்சு இல்லை. ஞாயிற்றுக்கிழமையானால் ஊர்க்காரர்களைத் திரட்டிக்கொண்டு வந்துவிடுவான். கூலி வாங்க மாட்டார்கள். என் இட்லியைத் தின்றுவிட்டு, மிளகாய்ப்பொடியில் காரம் போதாது என்று அவர்களுக்குள் பேசிக்கொள்வார்கள்.

முதல் மழைக்காலத்தில் இவர் சரிவைச் சுத்தம் செய்யச் சொன்னார். அங்கே எங்கே பார்த்தாலும் பழைய மரங்களின் அடிக்கட்டை. முதல் மழை விழுந்ததும் ஒவ்வொன்றிலிருந்தும் கொத்துக் கொத்தாகத் துளிர் கிளம்பும். இது வெறும் புதர், கன்றுக்குப் போக வேண்டிய சாரத்தை இது உறிஞ்சிவிடும் என்று எல்லாவற்றையும் கொத்திப் போட்டார்கள். பிறகு கயிறு கட்டி, நேர் வரிசையாகக் குழி. காட்டிலாகா கொடுத்த கன்றுதான் கன்று: யூகலிப்டஸ், குல்மோஹர், போனால் போகிறது என்று கொஞ்சம் நாவல். நட்டு முடித்த பிறகு கீழே நின்று பார்த்தால், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பிரார்த்தனைக்கு நிறுத்தின மாதிரி இருந்தது. காடு இப்படியா இருக்கும் என்று கேட்டேன். உனக்கு என்ன தெரியும் என்றார். எனக்குத் தெரியாதுதான்.

தீபாவளிக்குள் பாதி செத்துவிட்டது. மீதியில் பாதியை ஆடு தின்றது. தப்பிப் பிழைத்ததை விறகு பொறுக்குகிறவர்கள் வெட்டிக்கொண்டு போனார்கள். அதில் முக்கியமானவள் பேராச்சி. வானமாமலையின் சொந்த அக்கா. அந்தக் குன்றிலிருந்து விறகு சுமந்துபோய் தாராவியில் விற்பதுதான் அவள் பிழைப்பு. தம்பியின் பாகு அடுப்புக்கும் அவள் விறகுதான். ஞாயிற்றுக்கிழமை தம்பி நடுவான், திங்கட்கிழமை அக்கா வெட்டுவாள். இதைச் சொல்லி நான் சிரித்தபோது இவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வீடு நிம்மதியாக இருந்தது.

அடுத்த வருஷம் இவர் ஒரு பத்திரிகையில் புதிதாக ஒன்று படித்தார். காட்டு மரத்தின் வேரில் ஏதோ பூஞ்சை ஒட்டிக்கொண்டிருக்குமாம். அது இல்லாத மண்ணில் என்ன நட்டாலும் பிடிக்காதாம். அடர்ந்த காட்டிலிருந்து கொஞ்சம் மண் கொண்டுவந்து குழிகளில் கலந்துவிட்டால் போதும், பால் உறை குத்துகிற மாதிரி அது தானே பரவிவிடுமாம். இது தெரிந்த நாள் முதல் மண், மண் என்று அரற்றிக்கொண்டிருந்தார். அந்தச் சமயம் பார்த்து வானமாமலை ஆடி அமாவாசைக்கு ஊருக்குப் போவதாகச் சொல்லிக்கொள்ள வந்தான். அவர்களுக்குப் பாபநாசத்துக்கு மேலே மலைக்காட்டுக்குள் சாஸ்தா கோயில். ஆடி அமாவாசைக்குக் குடும்பத்தோடு போய் அங்கேயே தங்கிப் பொங்கலிட்டு வருவார்கள். மலைக்காடு என்று காதில் விழுந்ததும் இவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

அவனுக்குக் காபி கொடுத்தபடி நான் அங்கேயே நின்றிருந்தேன். அதனால் என்ன பேச்சு நடந்தது என்று எனக்கு வார்த்தை பிசகாமல் தெரியும்.

"வானமாமலை, எனக்கு ஒரு உபகாரம் பண்ணணும். அந்தக் கோயில் காட்டுலேருந்து பிடிமண் எடுத்துண்டு வரணும்" என்றார்.

வானமாமலை டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். முகத்தில் ஒரு பயம். "பிடிமண்ணா? நம்ம மலைக்கா சார் கேக்கிய?"

"நம்ம மலைக்குத்தான். ஒரு பிடி இருந்தாப் போறும். ஏன், முடியாதா?"

அவன் கையைக் கூப்பி, நீங்களே வாய்விட்டுக் கேட்ட பிறகு நான் மாட்டேன் என்று சொல்லக் கூடாது, கேட்டுப் பார்த்து உத்தரவு கிடைத்தால் கொண்டு வருகிறேன் என்றான். உத்தரவா, காட்டிலாகா உத்தரவா என்று இவர் கேட்டார். அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

பிடிமண் என்றால் திருநெல்வேலிக்காரர்களுக்கு என்னவென்று எங்களுக்கு எப்படித் தெரியும்? பாலக்காட்டில் அந்தப் பேச்சே கிடையாது. அவர்கள் பிழைக்கப் போகிற ஊருக்குத் தங்கள் சாமியைக் கொண்டுபோக வேண்டுமானால், பழைய கோயிலில் பூசை போட்டு, சாமியிடம் உத்தரவு கேட்டு, அந்த இடத்து மண்ணை ஒரு பிடி எடுத்துக்கொண்டு போவார்கள். புது ஊரில் அந்த மண்ணை எங்கே போடுகிறார்களோ அங்கே சாமி வந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு அதைத் திருப்பி அனுப்ப முடியாது. இவர் பூஞ்சையைக் கேட்டார். அவன் காதில் சாமி விழுந்தது.

ஆவணி பிறப்பதற்குள் திரும்பி வந்தான். தாதரில் ரயிலை விட்டு இறங்கி, தாராவிக்குக்கூடப் போகாமல், வெறுங்காலோடு எங்கள் மாடிப்படி ஏறி வந்தான். கையில் மஞ்சள் துணி சுற்றிய பித்தளைச் செம்பு. காபி வேண்டாம், உட்கார மாட்டேன் என்றான். ஊரிலிருந்து புறப்பட்டதிலிருந்து செம்பைக் கீழே வைக்கவில்லையாம். மெட்ராஸில் ஸ்டேஷன் மாறும்போதும் தலையில் வைத்துக்கொண்டே நின்றானாம். கீழே வைத்தால் வைத்த இடத்திலேயே சாஸ்தா உட்கார்ந்துவிடுவாராம். எழும்பூர் பிளாட்பாரத்தில் சாஸ்தா உட்கார்ந்துவிட்டால் ரயில்வேக்காரர்கள் அவருக்கும் அபராதம் போடுவார்கள் என்று நான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. அவர்கள் பக்கம் எதை எடுத்தாலும் இப்படித்தான் பயபக்தியோடு செய்வார்கள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

இவர் செம்பை வாங்கினார், துணியை அவிழ்த்தார், ஒரு சிட்டிகை எடுத்துக் கசக்கி மூக்கில் வைத்து உறிஞ்சினார். அருமையான மண், என்ன கறுப்பு, என்ன வாசனை என்று பூரித்துப் போனார். வானமாமலை இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தரையில் படக்கூடாது என்று செம்பை எங்கள் ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டுப் போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குன்றில் தாராவிக் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். பெண்கள்கூட வந்திருந்தார்கள், பேராச்சி உட்பட. எல்லாரும் குளித்து, தலையில் ஈரத்தோடு, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். மரம் நடுவதற்கு மக்களிடம் இவ்வளவு ஆர்வமா என்று இவருக்குக் கண் கலங்கிவிட்டது. வானமாமலை மெதுவாக வந்து, நல்ல இடமாக ஒன்று பார்த்துச் சொன்னால் அங்கே போட்டுவிடலாம் என்றான். இவர் அவனைக் கடிந்துகொண்டார். ஒரே இடத்தில் போட்டால் யாருக்கு என்ன பிரயோஜனம், இந்த வருஷம் நட்ட எல்லாக் குழிக்கும் கொஞ்சம் கொஞ்சமாவது போய்ச் சேர வேண்டாமா என்றார். ஒரு பெரிய தொட்டித் தண்ணீரில் அந்த மண்ணைக் கரைத்து, குவளை குவளையாக மொண்டு, சரிவு முழுக்க ஊற்றச் சொன்னார். தாராவிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படித்தவர், அய்யர், அவருக்குத் தெரியாத முறையா என்று நினைத்திருப்பார்கள். ஊற்றினார்கள்.

கடைசிக் குவளை காலியானபோது பேராச்சிக்குச் சாமி வந்தது. கூந்தல் அவிழ்ந்து, கால் தரையில் பாவாமல் ஆடினாள். காக்காய் வலிப்பு என்று திருவேங்கடம் மாத்திரைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்; அவரை இரண்டு பேர் பிடித்து ஓரமாக உட்கார வைத்தார்கள். பேராச்சியின் குரல் ஆண் குரல் மாதிரி இருந்தது. அவள் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்தது இதுதான்:

"ஒரு எடங் காட்டியிருந்தா ஒரு எடத்துல இருந்திருப்பேன். மல பூராவும் என்னைய வெதச்சுப்புட்டிய. இனி இந்த மண்ணுல இரும்பு படப்பிடாது."

இரும்பு படக்கூடாது, செருப்புக் கால் படக்கூடாது, ஆடு மேயக்கூடாது, ஒரு சுள்ளி ஒடிக்கக்கூடாது. தன் பிழைப்பில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டு அவள் சொன்னாள் பாருங்கள், அதனால்தான் அந்த ஜனங்கள் அத்தனை பேரும் நம்பினார்கள். எனக்கும் கை தானாகக் குவிந்துவிட்டது. சாஸ்தா எங்களுக்கும் சாஸ்தாதான். மாட்டுங்காவில் வருஷம் தவறாமல் சாஸ்தா ப்ரீதி நடத்திப் பாயசம் குடிக்கிறவர்கள் நாங்கள்.

வானமாமலை அப்போதுதான் இவருக்குப் பிடிமண் என்றால் என்ன என்று விளக்கினான், அதுவும் ஞாபகப்படுத்துகிற தோரணையில். இவர் முகத்தில் அசடு வழிந்தது. ஆனால் வீட்டுக்கு வருவதற்குள் சமாளித்துக்கொண்டார். போகட்டும், வெட்ட மாட்டார்கள், ஆடு மேய்க்க மாட்டார்கள், காசில்லாமல் காவல் கிடைத்தது என்றார். கன்று பிழைத்தால் சரி என்றார்.

அந்தச் சந்தோஷம் அடுத்த ஜூன் வரைக்கும்தான். பட்டுப்போன கன்றுகளுக்குப் பதிலாக ஒரு லாரி நிறையப் புதுக் கன்றும், கடப்பாரையும் மண்வெட்டியுமாக இவர் போய் இறங்கினார். சரிவின் அடியில் வேப்பிலை செருகிய கயிறு கட்டியிருந்தது. அந்தப் பக்கம் வானமாமலையும் ஊர்க்காரர்களும் நின்றார்கள். மரியாதையில் ஒரு குறைவும் இல்லை. இவருக்கு உட்கார நாற்காலிகூடக் கொண்டுவந்திருந்தார்கள். உள்ளே மட்டும் விடவில்லை. கடப்பாரை ஏக்தம் பந்த் சார், அடியோடு கிடையாது என்றான் வானமாமலை. இவர் புதரையாவது கொத்தி எடுத்துவிடுகிறேன் என்றார், அதற்கும் முடியாது என்றார்கள்.

"நான் கேட்டது பூஞ்சைக்குடா. பூஞ்சை. கண்ணுக்குத் தெரியாத ஒரு வஸ்து."

"நீங்க என்னத்துக்குக் கேட்டியளோ சார். வந்தது சாஸ்தால்லா."

இவர் கத்தினார். நன்றி கெட்டவர்கள் என்றார். போலீஸைக் கூப்பிடுவேன் என்றும் சொன்னார். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள், நகரவில்லை. போலீஸைக் கூப்பிட முடியாது என்று இவருக்கே தெரியும். சர்க்கார் நிலத்தில் சாமி குடியேறிவிட்டது என்று காகிதத்தில் ஏறினால் காட்டிலாகா அன்றைக்கே அனுமதியை ரத்து செய்யும். கான்ட்ராக்டர் அதற்குத்தான் வாயில் ஈ போவது தெரியாமல் காத்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே ஒரு ஆளை அனுப்பி, கோயில் கட்டுகிறார்களா என்று பார்த்துவரச் சொல்லியிருந்தான். அந்த ஆளுக்கு ஒரு கல்லும் கிடைக்கவில்லை, சூலமும் கிடைக்கவில்லை. சரிவு முழுக்கக் கரைத்து ஊற்றிய சாமிக்கு எங்கே கோயில் கட்டுவது? கான்ட்ராக்டரிடம் கல் உடைத்த கூலிக்காரர்களிலும் பாதிப் பேர் திருநெல்வேலிக்காரர்கள். எல்லைக் கோட்டைத் தாண்டிக் கடப்பாரையை ஓங்க அவர்களும் மாட்டேன் என்றுவிட்டார்கள்.

லாரிக் கன்றுகளை இவர் மாட்டுங்காவுக்கே திருப்பிக் கொண்டுவந்து, பிளாக் பிளாக்காக இலவசமாகக் கொடுத்தார். எங்கள் காம்பவுண்டில் நட்ட குல்மோஹரை மாடு தின்றது. அதற்கப்புறம் அந்தக் குன்றின் பக்கமே இவர் தலைவைத்துப் படுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேப்பரை விரித்துக்கொண்டு உட்காருவார், பக்கத்தைத் திருப்ப மாட்டார். மழை வலுத்தால் ஜன்னலில் போய் நிற்பார். நட்டதெல்லாம் செத்திருக்கும் பாகீ, களை மூடியிருக்கும், நாலு வருஷம் முடிந்ததும் கான்ட்ராக்டர் வெடி வைப்பான் என்பார். இட்லிக்கு அரைக்கிற வேலை இல்லாமல் எனக்குச் சௌகரியம்தான். ஆனாலும் அந்த மனிதரை அப்படிப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. ஏதாவது ஒரு கிறுக்கோடு இருந்தால்தான் அவர் அவராக இருக்கிறார்.

இரண்டு மழைக்காலம் இப்படியே போயிற்று. அரிசிக்குத் திண்டாட்டமாகி, திங்கட்கிழமை ராத்திரி எல்லாரும் சாப்பாட்டை விட வேண்டும் என்று பிரதமரே சொன்ன வருஷம். தசரா கழிந்ததும் காட்டிலாகாவிலிருந்து ஆள் வந்து, அதிகாரி அடுத்த வாரம் சரிவைப் பார்க்க வருகிறார் என்று சொல்லிவிட்டுப் போனான்.

இவர் தாராவிக்குப் போனார். இத்தனை வருஷப் பழக்கத்தில் வானமாமலையின் பட்டறைக்குப் போனது அன்றுதான். என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனார், தனியாகப் போகக் கூச்சம். மாஹிம் மரப் பட்டறைகளிலிருந்து வாங்கிய மரத்தூளில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பேராச்சி மூலையில் உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். விறகுச் சுமை எடுப்பதைச் சாமி வந்த அன்றோடு விட்டுவிட்டாளாம். இவர் நின்றபடியே பேசினார். அதிகாரி வருகிற அன்று மட்டும் கயிறும் வேப்பிலையும் கண்ணில் படக்கூடாது, என்னையும் ஒரே ஒரு தடவை மேலே விட வேண்டும், செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறேன் என்றார். அந்தக் குரலில் இவர் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. வானமாமலைக்கு ஒரே சங்கடமாகப் போய்விட்டது. பாதிப் பாகை அப்படியே விட்டுவிட்டு இவருக்கு ஸ்டூல் தேடி ஓடினான். நீங்கள் கொண்டுவந்த சாமி, உங்களுக்குத் தடை உண்டா, இரும்பு மட்டும் வேண்டாம் என்றான்.

அதிகாரி மராத்திக்காரர், பூட்ஸ் போட்டிருந்தார். அவரைக் கழற்றச் சொல்ல முடியுமா? அவர் சரிவில் கால் வைத்தபோது வானமாமலை கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தான். எங்கள் இரண்டு பேர் பாதத்தையும் கல் குத்தியது. ஒரு திருப்பம் ஏறினோம். எனக்கு முன்னால் போன இவர் சட்டென்று நின்றுவிட்டார்.

மேலே இருந்தது காடு. பெரிய காடு என்று சொல்ல மாட்டேன், ஆனால் என் தலைக்கு மேலே, சில இடத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு இலை. உள்ளே தரை ஈரமாக இருந்தது. ஏதோ ஒரு குருவி விடாமல் கத்திக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது, சந்தோஷத்தில் இவர் கையைப் பிடிக்கப் போனேன். இவர் அடிமரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். மருது, வேங்கை, புரசு, நாவல். எல்லாம் பழைய அடிக்கட்டையிலிருந்து கிளம்பினவை. ஒரே அடியிலிருந்து நாலும் ஐந்துமாகத் தண்டு. புதர் என்று முதல் வருஷம் இவர் கொத்திப் போடச் சொன்னாரே, அதே துளிர்கள்தான். இரண்டு வருஷம் அவற்றை யாரும் வெட்டவில்லை, ஆடு கடிக்கவில்லை, இவரும் கொத்தவில்லை. அவ்வளவுதான். இவர் கயிறு கட்டி நட்ட வரிசையில் ஒன்றுகூட மிச்சமில்லை. குழி இருந்த இடம்கூடத் தெரியவில்லை.

அதிகாரி ஒரு மரத்தைத் தட்டிப் பார்த்தார். இன்னொன்றின் அடியில் குனிந்தார். அவருக்குத் தெரிந்ததா தெரியவில்லையா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். நிமிர்ந்து, இதில் உங்கள் சங்கம் நட்டது எது, காட்டுங்கள் என்று ஹிந்தியில் கேட்டார்.

சங்கம் நட்ட மரம் நின்றால்தான் சரிவு தப்பும், தானாக வந்தது கணக்கில் சேராது. இவரோ ஆபீஸில் அடுத்தவன் பேனாவைத் தன்னுடையது என்று சொல்லாத மனிதர். நடாத மரத்தை நட்டேன் என்று இவர் வாயில் வருமா? பக்கத்துச் சரிவில் கல் உடைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஸப் ஹம்னே லகாயா, ஸாஹேப்" என்றார். எல்லாம் நாங்கள் நட்டதுதான்.

அதிகாரி தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். சரிவு காடாகவே இருக்கும் என்றார். இவர் கையைப் பிடித்துக் குலுக்கி, பம்பாயில் இப்படி ஒரு வேலையை யாரும் செய்து நான் பார்த்ததில்லை, ஜகந்நாதன் வனம் என்று அடிவாரத்தில் பலகை வைக்கச் சொல்கிறேன் என்றார். எத்தனை வருஷமாக இவர் ஏங்கின பேர். அது கையில் வந்து விழுந்தபோது, சோற்றில் கல்லைக் கடித்தவர் மாதிரி நின்றார். அதிகாரி அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

தேவ்நார் பஸ் ஸ்டாப்பில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். இவர் வானமாமலையைப் பார்த்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நான் சொன்னது பொய்னு உனக்குத் தெரியும். நாம நட்டதுல ஒண்ணுகூட அங்கே இல்லை. நீ ஏன் பேசாம இருந்தே?"

இதில் பொய் எங்கே இருக்கிறது என்று வானமாமலைக்குப் புரியவில்லை. சாமிக்குக் கட்டுப்பட்டு, அவ்வளவு ஆசையையும் அடக்கிக்கொண்டு வீட்டில் கிடந்த மனிதர் தன்னையே குறைத்துப் பேசுகிறார் என்று அவனுக்கு மனசு கேட்கவில்லை. இவர் கையைப் பிடித்துக்கொண்டு, முழு மனதோடு, பாராட்டாகத்தான் சொன்னான்.

"நட்டாத்தானா சார்? ரெண்டு வருசம் நீங்க அந்தப் பக்கமே வராம இருந்தியள்லா. அதான் சார் வளந்துச்சு."

இவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பஸ் வந்ததும், கிண்டல் செய்யாமல், அவர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன்.